இணைய ஏலத்தில் ஆள் வைத்துக் கேட்கிறார்கள் என்பதை எப்படி உறுதி செய்வது?

தக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி, 11 ஜனவரி 2025

ஐயா, திருவிதாங்கூர் அரசின் பழைய வெள்ளி நாணயமான சக்கரம் இருபது கொண்ட ஒரு தொகுதி இணைய ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலை 500 ரூபாய். என் உச்சத் தொகையாக 4,000 ரூபாயைப் பதிந்துவிட்டு வேலைக்குச் சென்றேன். மாலையில் பார்த்தபோது வேறு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். விலை 1,250 ரூபாயில் நின்றது. அன்று இரவு புதிதாக ஒருவர் வந்து, ஐம்பதும் நூறுமாக உயர்த்திக்கொண்டே போய், 4,050 கேட்டு என்னைத் தாண்டினார். சற்று நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றார். பிறகு 3,950 கேட்டு நின்றுவிட்டார். மறுநாள் இரவு 4,000 ரூபாய்க்கு ஏலம் என் பெயரில் முடிந்தது. விற்பவர் பணம் கேட்டு இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டார். இது பொய்க்கேள்வியா (விலையை ஏற்றுவதற்காக விற்பவர் தம் ஆளை வைத்துக் கேட்பதா), அல்லது என் அவசரத்துக்கு நான் கொடுக்கும் விலையா?

பதில், 11 ஜனவரி 2025, இரவு

பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். முதலில் அந்த ஏலத்தின் கேள்வி வரலாற்றுப் பக்கத்தை (யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்ற பட்டியலை), மேலிருந்து கீழ்வரை ஒரு வரியும் விடாமல், நாளும் நேரமும் தெரியும்படி பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கங்கள் நெடுங்காலம் இருப்பதில்லை. மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.

நடந்தது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நீங்கள் 4,000 ரூபாயைப் பதிந்தவுடன் தளம் அந்தத் தொகையைப் பிறருக்குக் காட்டுவதில்லை. உங்களுக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் தொகைக்கு மேல் ஒரு படி மட்டும் உங்கள் சார்பில் கேட்டு நிறுத்திக்கொள்ளும். அடுத்தவர் 1,200 வரை கேட்டதால் உங்கள் விலை 1,250. உண்மையான போட்டி அந்த இடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் பையில் இன்னும் 2,750 ரூபாய் இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, யாராவது ஒருவர் படிப்படியாகக் கேட்டு உங்கள் உச்சத்தைத் தட்டிப் பார்ப்பதுதான். 4,050 கேட்டபோது உங்களைத் தாண்டிவிட்டார். அந்தக் கணத்தில் உங்கள் உச்சம் 4,000 என்பது வரலாற்றில் வெளிப்பட்டுவிட்டது. உடனே திரும்பப் பெற்றார். திரும்பப் பெற்றதும் அவர் கேட்டவை அனைத்தும் நீங்கி, விலை 1,250க்கே இறங்கியிருக்கும். அங்கிருந்து ஒரே தாவலில் 3,950 கேட்டார். அதுவரை ஐம்பதும் நூறுமாக நடந்தவர், உங்கள் உச்சத்துக்குச் சரியாக ஒரு படி கீழே வந்து எப்படி நின்றார்? என் கணிப்பில் உங்கள் வழக்கின் உயிர்நிலை இந்த ஒரு வரிதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆம் பிரிவு முழுவதும் ஏல விற்பனையைப் பற்றியது. விற்பவர் தாமோ தம் ஆளை வைத்தோ கேட்கும் உரிமையை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்காவிட்டால், அவ்வாறு கேட்பது சட்டவிரோதம். வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியானதாகக் கொள்ளலாம். விலையை ஏற்றுவதற்காகப் பொய்க்கேள்வி கேட்கப்பட்டிருந்தால், விற்பனையை ரத்து செய்யும் விருப்பம் வாங்குபவருக்கு உண்டு. ஆகவே பணம் கேட்டு வரும் செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

12 ஜனவரி 2025

இரவு முழுவதும் இதே நினைவு. என் தாய்மாமன் குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். சிறுவனாக அவருடன் நின்று பார்த்திருக்கிறேன். வள்ளம் கரையேறியதும் சாளையை மணலில் கொட்டுவார்கள். சுற்றி நிற்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். யார் எந்தச் சந்தைக்குக் கொண்டுபோகிறார், யாருக்கு யார் கடன்பட்டவர், யார் யாருடைய மைத்துனர் என்பது அந்தக் கரை முழுவதற்கும் தெரியும். வாங்கும் வசதியில்லாத ஒருவர் திடீரென விலையை ஏற்றினால் மற்றவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றுவிடுவார்கள். ஏலம் அவர் தலையிலேயே முடியும். பொய்யாகக் கேட்டவன் அன்று சாளையைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

கோயில் தோப்புகளையும் சாலையோரப் புளியமரங்களின் மகசூலையும் ஏலம் விடும்போது டேவணித் தொகை கட்டச் சொல்வதன் காரணமும் இதுவே. பணம் கட்டியவர்தான் வாய் திறக்க முடியும். ஏலம் எடுத்துவிட்டுப் பின்வாங்கினால் டேவணி போய்விடும். இணைய ஏலங்கள் பலவற்றில் டேவணி இல்லை, முகமும் இல்லை. ஒருவரே இரண்டு மின்னஞ்சல்களைக் கொண்டு இரண்டு பேராக நிற்கலாம். கேட்டது தவறிப்போய்த் தம் தலையில் விழுந்தாலும் அவருக்கு ஒரு காசும் நட்டமில்லை, அதே பொருளை மறுவாரம் ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

15 ஜனவரி 2025

தக்கலைத் தம்பி கேட்டார்: ஒரே ஏலத்தை வைத்து விற்பவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. ஒரு கேள்வியால் ஒன்றும் மெய்ப்படாது. பல ஏலங்களில் ஒரே ஆள் நடந்துகொள்ளும் விதம்தான் சான்று. என் முறையைச் சொல்கிறேன்.

பழைய திருவிதாங்கூர்க் கருவூலங்களில் சக்கரம் எண்ணுவதற்கு ஒரு பலகை இருந்தது. வெள்ளிச் சக்கரம் அரை கிராம் எடைகூட இல்லாத துணுக்கு. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தெரியாது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை சக்கரம் எண்ண வேண்டும் என்று பாருங்கள். கையால் எண்ணினால் நாள் போய்விடும். பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. ஒரு பிடி சக்கரத்தை அதன்மேல் தூவி மெல்ல அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துகொள்ளும். மிஞ்சியதைத் தட்டிவிட வேண்டியதுதான். எத்தனை குழி காலியாக இருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் கணக்கு தெரிந்துவிடும்.

நீளமான கணக்கு நோட்டில் நானும் அதுபோல் கட்டம் போடுகிறேன். ஒரே விற்பவரின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஏலங்கள் மேலிருந்து கீழாக. கேட்டவர்கள் இடமிருந்து வலமாக. பெயர்களைத் தளம் மறைத்துத்தான் காட்டும், ஆனால் வெளியே தெரியும் எழுத்துகளும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் மதிப்பீட்டு எண்ணும் (முந்தைய பரிமாற்றங்களுக்குப் பிறர் தந்த மதிப்பெண்) சேர்ந்தால் ஒருவரைப் பெரும்பாலும் பின்தொடர முடியும். கேட்ட இடத்தில் ஒரு புள்ளி, வென்ற இடத்தில் ஒரு வட்டம். உண்மையான சேகரிப்பாளரின் பத்தியில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்; இடையிடையே வட்டமும் இருக்கும், ஏனென்றால் அவருக்குப் பொருள் வேண்டும். ஆள் வைத்துக் கேட்பவரின் பத்தியில் புள்ளிகள் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக நிற்கும், வட்டமே இராது. நாணயம், அஞ்சல்தலை, பித்தளை விளக்கு என்று விற்பவர் எதை வைத்தாலும் அவர் அங்கே இருப்பார். அப்படி எல்லாவற்றையும் விரும்புகிற சேகரிப்பாளரை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

ஈபே தளத்தில் இதற்கு இன்னொரு துணை உண்டு. கேட்டவரின் பெயரைச் சொடுக்கினால், கடந்த 30 நாளில் அவர் கேட்டவற்றில் எத்தனை விழுக்காடு இதே விற்பவரிடம் என்பதையும், எத்தனை முறை திரும்பப் பெற்றார் என்பதையும் காட்டும். இருபது விற்பவர்களிடம் கேட்டு, அதில் இவரிடம் பத்து விழுக்காடு என்றால் கவலை இல்லை. ஒரே விற்பவரிடம் நூறு விழுக்காடு, திரும்பப் பெற்றது ஆறு முறை என்றால் நோட்டை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

16 ஜனவரி 2025

வட்டம் இராது என்று நேற்று எழுதியதில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். சில வேளை தட்டிப் பார்க்கப் போய் உச்சத்தைத் தாண்டி அவர்களே வென்றுவிடுவதும் உண்டு. அந்தப் பொருள் சில வாரங்களில் மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஆகவே விளக்கத்தை நம்பாமல் படத்தைச் சேமியுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிதாங்கூர் அஞ்சல் உறையை நான் கேட்டேன். அஞ்சல் என்பது அந்த அரசின் தபால் துறைக்கே பெயர். 1951இல் அது இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. நான் அதே துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த உறைகளின்மேல் எனக்குத் தனிப் பாசம். சங்கு பொறித்த அஞ்சல்தலை. நாள்முத்திரையின் மை சங்கின் வாய்ப்பக்கம் சற்று வழிந்திருந்தது. உறையின் இடது ஓரத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பூச்சி அரித்த இரண்டு துளைகள், கீழே உள்ளது சற்றுப் பெரியது. எனக்குக் கிடைக்கவில்லை, வேறொருவர் வென்றதாகக் காட்டியது. ஏழு வாரம் கழித்து அதே உறை, வேறு தலைப்பில், வேறு பின்னணித் துணியின்மேல் வைத்துப் படமெடுக்கப்பட்டு வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து இரண்டு படங்களையும் ஒப்பிட்டேன். துளைகள் அதே துளைகள். மூன்றாம் முறையும் வந்தது. மூன்று முறையும் எனக்கு எதிராகக் கேட்டவர் ஒருவரே.

மறுபடி வந்தாலே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது. வென்றவர் பணம் கட்டாமல் போவது அன்றாடம் நடப்பது. மூன்று முறை, ஒரே ஆள் என்பதுதான் இதில் கனம்.

19 ஜனவரி 2025

இந்த இழையைப் படித்துவிட்டு இருவர், ஐம்பது ஐம்பதாக ஏற்றிய சில பயனர்களின் பெயர்களை எனக்கு அனுப்பி, இவர்கள் பொய்யர்கள்தாமே என்று கேட்டிருக்கிறார்கள். இதற்கு நான் பதில் சொல்லும் முன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2021இல் ஒரு செப்புச் சக்கரத் தொகுதிக்கு ஒருவர் இப்படித்தான், பத்து நிமிடத்தில் பதினொரு முறை, ஐம்பது ஐம்பதாகக் கேட்டார். நான் கட்டமும் போடவில்லை, வரலாற்றையும் பார்க்கவில்லை. சேகரிப்பாளர்கள் குழுவில் அவருடைய மறைப்பெயரை எழுதி, இது விற்பவரின் ஆள் என்று அடித்துச் சொன்னேன். என் வயதுக்கும் அனுபவத்துக்கும் மதிப்புக் கொடுத்துப் பலரும் ஆமாம் போட்டார்கள். ஓராண்டுக்குப் பின் நாகர்கோவிலில் நடந்த ஒரு சந்திப்பில் மார்த்தாண்டத்துக்கு அருகிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் தனியாக வந்து, "ஐயா, அந்தப் பெயர் என்னுடையது" என்றார். உச்சத் தொகை பதியும் முறையே அவருக்கு அப்போது தெரியாது. அவர் பார்த்திருந்த ஏலமெல்லாம் தம் ஊர் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு நடக்கும் ஏலம்தான். அங்கே மட்டி வாழைக்குலையையும் சேவலையும் ஐந்து ஐந்தாக, பத்து பத்தாகத்தான் ஏற்றுவார்கள். அதையே இணையத்திலும் செய்திருக்கிறார். அந்தக் குழுவில் அவரும் இருந்தார். நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விலகிப் போயிருக்கிறார்.

அந்த மேசையருகிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் எழுதினேன். ஆனால் ஓர் இளைஞர் ஓராண்டு காலம் ஒரு நாணயமும் வாங்காமல் இருந்ததற்கு நான் காரணம் என்பது இன்றும் உறுத்துகிறது. ஆகவே சிறு சிறு படியாக ஏற்றுவதை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்லாதீர்கள். புதியவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். மதிப்பீட்டு எண் சுழியம் என்பதும் குற்றமன்று. எல்லோரும் ஒருநாள் சுழியத்தில் தொடங்கியவர்களே. எனக்கு அனுப்பப்பட்ட பெயர்களில் ஒருவர் ஒன்பது விற்பவர்களிடம் கேட்டு நான்கு பொருள்களை வாங்கியிருக்கிறார். அவர் மெய்யான சேகரிப்பாளர். தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்.

20 ஜனவரி 2025

பதினொன்றாம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம், முக்கியமானது. திரும்பப் பெற்றவுடன் அவர் கேட்டவை அனைத்தும் நீங்கும் என்று பொதுவாக எழுதிவிட்டேன். ஈபேயின் விதிப்படி, ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது திரும்பப் பெற்றால்தான் எல்லாம் நீங்கும். கடைசி 12 மணி நேரத்தில் கேட்டதைக் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெறலாம்; அப்போது கடைசிக் கேள்வி மட்டும் நீங்கும், முந்தியவை நிற்கும். உங்கள் தளத்தின் விதி வேறாகவும் இருக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், கடைசிக் கேள்வி மட்டும் நீங்கியிருந்தால் அவருடைய முந்தைய கேள்விகள் அப்படியே நின்று, விலை 1,250க்கு இறங்காமல் மேலேயே இருந்திருக்கும். அதற்கடுத்த 3,950 என்பது இயல்பான அடுத்த படி. நான் உயிர்நிலை என்று சொன்ன வாதம் அங்கே செத்துவிடும். திரும்பப் பெற்றவுடன் விலை எங்கே இறங்கியது என்பதை வரலாற்றுப் பக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

21 ஜனவரி 2025

தம்பி பார்த்துவிட்டார். இரவு 10.14க்குத் திரும்பப் பெறப்பட்டது, விலை 1,250க்கு இறங்கியது, 10.31க்கு ஒரே தாவலில் 3,950. ஏலம் முடிந்தது அதற்கு இருபத்து மூன்று மணி நேரம் கழித்து. வாதம் நிற்கிறது. அவர் பன்னிரண்டு ஏலங்களுக்குக் கட்டமும் போட்டு அனுப்பியிருக்கிறார்: அந்தப் பெயர் பதினொன்றில் கேட்டிருக்கிறது, ஒன்றில் வென்றிருக்கிறது. வென்ற அந்தப் பித்தளைத் தூக்குவிளக்கு இப்போது மறுபடியும் ஏலத்தில் இருக்கிறது.

2 பிப்ரவரி 2025

புகார் எழுதும் முறையைப் பலர் கேட்டிருக்கிறார்கள். தளத்தின் புகார்ப் படிவத்தில் கோபத்தைக் கொட்டினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தம்பியும் நானும் சேர்ந்து எழுதியதை, அடையாளங்களை நீக்கிவிட்டு, அப்படியே தருகிறேன்:

"இன்ன எண்ணுள்ள ஏலத்தில், விலை 1,250 ரூபாயாக இருந்தபோது, இன்ன மறைப்பெயருடைய பயனர் தொடர்ந்து கேட்டு என் உச்சத் தொகையைத் தாண்டினார். இரவு 10.14 மணிக்குத் திரும்பப் பெற்றார். 10.31 மணிக்கு, வெளிப்பட்டுவிட்ட என் உச்சத்துக்கு ஒரு படி கீழே, 3,950 ரூபாய் கேட்டார். இதே பயனர் இதே விற்பவரின் கடைசிப் பன்னிரண்டு ஏலங்களில் பதினொன்றில் கேட்டுள்ளார். அவர் வென்ற ஒரே பொருள் மறுபடி ஏலத்துக்கு வந்துள்ளது. ஏல எண்களும் நேரங்களும் இணைப்பில் உள்ளன. இரு கணக்குகளுக்கும் இடையே தொடர்பு உண்டா என்பதைத் தங்கள் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து, என் கொள்முதல் கடப்பாட்டை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மோசடி, திருட்டு என்ற சொற்கள் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கணக்கும் ஒரே கருவியிலிருந்து, ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே வங்கிக் கணக்கிலிருந்து இயங்குகின்றனவா என்பது தளத்துக்கு மட்டுமே தெரியும், நமக்குத் தெரியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது. விற்பவருக்கு மிரட்டல் செய்தி அனுப்பாதீர்கள்; அனுப்பினால் அந்த இரண்டாம் கணக்கு அன்றே மறைந்துவிடும். அவர் பெயரைப் பொதுவெளியில் எழுதி அவதூறு வழக்கைத் தேடிக்கொள்ளவும் வேண்டாம்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி மின்வணிகத் தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போனால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பணத்தை அனுப்பிய பிறகு பொருளே வரவில்லை, ஆளையும் காணவில்லை என்றால் அது வேறு கதை. நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

5 பிப்ரவரி 2025

சட்டம் பயின்ற வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின் மேற்கண்டதைத் திருத்துகிறேன். அந்த மின்வணிக விதிகள், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் எப்போதாவது ஒன்றிரண்டு பொருள் விற்கும் ஒருவருக்குப் பொருந்தா. தாத்தாவின் பெட்டியில் கிடந்ததை விற்பவர் அந்த வகை. வாரந்தோறும் பன்னிரண்டு ஏலம் விடுபவர் அந்த வகையில் வரமாட்டார் என்பது என் வாசிப்பு. அதேபோல், மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. உங்களில் நாணய வியாபாரம் செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கு உதவுவது 64ஆம் பிரிவுதான், நுகர்வோர் ஆணையம் அன்று.

இன்னொன்று. விற்பனையை ரத்து செய்யும் உரிமைதான் அந்தப் பிரிவில் இருக்கிறது. "பொய்க்கேள்வியை நீக்கிவிட்டு 1,250 ரூபாய்க்கே எனக்குத் தா" என்று கேட்கும் உரிமையை அதில் நான் காணவில்லை. தம்பிக்கு இதில் வருத்தம்தான்.

16 பிப்ரவரி 2025

வாட்ஸ்அப் குழு ஏலங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு நம் பக்கத்துச் சேகரிப்பாளர்களில் பலர் இத்தகைய குழுக்களுக்குத்தான் போனார்கள். அங்கே உச்சத் தொகை மறைந்திருப்பதில்லை என்பதால் தட்டிப் பார்க்கும் தந்திரம் தேவைப்படாது. ஆனால் ஆள் வைத்துக் கேட்பது மிக எளிது, ஒரு கூடுதல் சிம் அட்டை போதும். குழு நடத்துபவரே விற்பவராகவும், ஏலம் முடிந்தது என்று அறிவிப்பவராகவும் இருப்பார்.

அங்கே நான் பார்ப்பவை மூன்று. அந்த எண் குழுவில் எப்போது சேர்ந்தது, ஏலத்துக்கு முதல்நாள் சேர்ந்த எண்ணா என்பது. வென்ற பிறகு அவர் பொருள் கிடைத்தது என்று படம் போட்டது உண்டா என்பது. செய்தி திருத்தப்பட்டிருக்கிறதா என்பது. அனுப்பிய 15 நிமிடம் வரை வாட்ஸ்அப் செய்தியைத் திருத்தலாம். திருத்தினால் அதன் அருகே குறிப்பு வரும், ஆனால் முன்பு எழுதியிருந்த தொகை என்ன என்பதை அது சொல்லாது. 1,800 என்று கேட்டது 1,300 ஆக மாறிய ஓர் ஏலத்தை நானே பார்த்தேன். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்திருந்ததால் பேச முடிந்தது. மறைத்துப் பேசுவதற்கு இடமில்லாதபடி, கேட்பவர்கள் எல்லோரும் ஒரு சிறு டேவணித் தொகையை முன்கூட்டியே பொதுவான ஒருவரிடம் கட்ட வேண்டும் என்று எங்கள் சிறு குழுவில் இப்போது விதி வைத்திருக்கிறோம். நூறு ரூபாய்தான். கேட்பவர் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. விலைகள் நம்பும்படி இருக்கின்றன.

23 பிப்ரவரி 2025

அந்தப் பன்னிரண்டு ஏலங்களில் வேறு யாரும் உடந்தையாக இருக்க முடியாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியும், அதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. 2000ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் 25 சென்ட் தொடக்க விலையில் வைக்கப்பட்ட ஓர் ஓவியம், புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் 135,805 டாலர் வரை போனது. அதை ஏலத்துக்கு வைத்த கென்னத் வால்ட்டன் என்ற வழக்கறிஞரும் கூட்டாளிகளும் பொய்யான பதிவுகளில் பல கணக்குகளை உண்டாக்கி ஒருவர் பொருளுக்கு ஒருவர் கேட்டு வந்தது பின்னர் வெளிப்பட்டது. வால்ட்டன் 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்தில் பெரும்பெயர் பெற்றிருந்த பில் மாஸ்ட்ரோவுக்குப் பொய்க்கேள்வி தொடர்பான வழக்கில் 2015இல் 20 மாதச் சிறை கிடைத்தது.

இதில் நமக்குப் பயன்படுவது ஒன்றுண்டு. மூன்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டால், ஒரே விற்பவரிடம் நூறு விழுக்காடு என்று யாருக்கும் காட்டாது. முப்பது, முப்பத்தைந்து என்று சிதறிவிடும். ஆகவே சந்தேகத்துக்குரியவர் கேட்கும் மற்ற விற்பவர்கள் யார் என்றும், அந்த விற்பவர்களே இங்கே வந்து கேட்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு நோட்டுப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். நேரம் பிடிக்கும் வேலை. எனக்கு நேரம் இருக்கிறது, பட்டியல்களை அனுப்புங்கள்.

9 மார்ச் 2025

தம்பியின் புகாருக்கு முதல் பதில் இரண்டாம் நாள் வந்தது. புகார் எண் மட்டும். இருபத்தாறாம் நாள் வந்த பதில் நான்கு வரி: கொள்முதல் கடப்பாடு ரத்து செய்யப்பட்டது; விற்பவர்மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்பதைத் தெரிவிக்க இயலாது. விற்பவரின் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கேட்கும் கணக்கைத் தேடினால், இப்போது பதிவில் இல்லை என்று காட்டுகிறது. இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பன்னிரண்டு ஏலங்களில் ஏமாந்து பணம் கட்டியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களும் மறைக்கப்பட்டே இருப்பதால் அவர்களிடம் சொல்ல நமக்கு வழியில்லை. தளம் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியதா என்று கேட்டு, அடுத்த கடிதத்தை நேற்று அனுப்பினோம்.

22 மார்ச் 2025

அதே இருபது சக்கரமும் மறுபடி ஏலத்துக்கு வந்தன. தம்பி இம்முறை முதலில் தம் நோட்டில் 1,300 என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் அதைப் பதிந்தார். 1,350க்கு வேறொருவர் எடுத்துவிட்டார். தம்பி உடனே அந்த ஆளின் வரலாற்றைப் பார்த்திருக்கிறார்: கடந்த மாதத்தில் பதினான்கு விற்பவர்களிடம் கேட்டவர், திரும்பப் பெற்றது ஒருமுறையும் இல்லை. "உண்மையான ஆள்தான் ஐயா, எடுத்துக்கொள்ளட்டும்" என்று எனக்கு எழுதினார்.